அகன்ற ரீடு, குறுகிய மவுத்பீஸ்: தமிழ்நாட்டுக் கிளாரினெட்டின் ஒரு பொருத்தச் சிக்கல்

ரீடு பெரியது, மவுத்பீஸ் சிறியது, வெட்டிப் பொருத்தலாமா? கிளாரினெட் ஊதுகிறவர்கள் நடுவே இது தீராத வழக்கு. வெட்டினால் நாதம் போய்விடும் என்பார் ஒருவர். காலங்காலமாக வெட்டித்தானே ஊதுகிறோம் என்பார் இன்னொருவர். மவுத்பீஸை மாற்றிவிட்டால் வழக்கே இல்லை என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எவர் சொல்வது எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

சிக்கல் எழும் இடங்கள் மூன்று. முதலாவது, பரம்பரையாகக் கைமாறி வந்த பழைய கிளாரினெட்டுகள். அவற்றோடு வந்த மவுத்பீஸ்களில் பல இன்றைய பிரெஞ்சு மவுத்பீஸ்களைவிடக் குறுகலானவை. இரண்டாவது, ஈ-பிளாட் எனப்படும் குட்டைக் கிளாரினெட். பேண்டு செட்டுகளில் உச்ச ஸ்தாயிக்கென்று வைத்திருப்பது இது. மூன்றாவது, உள்நாட்டில் செய்த வாத்தியங்கள். இந்தியாவில் பேண்டு வாத்தியத் தொழிலின் தலைநகரம் மீரட். அங்குள்ள ஜலி கோட்டி வட்டாரத்தில் 1885 முதல் இயங்கும் நாதிர் அலி நிறுவனம் தொடங்கி, சிறு பட்டறைகள் வரை பலர் இதே தொழிலில் இருக்கிறார்கள். பட்டறைக்குப் பட்டறை மவுத்பீஸ் அளவில் சிறிது வித்தியாசம் இருக்கும். ஆனால் கடையில் கேட்டவுடன் கிடைப்பதோ பி-பிளாட் கிளாரினெட்டுக்கான பிரெஞ்சு வெட்டு ரீடு. வாத்தியம் பல அளவு, ரீடு ஒரே அளவு என்ற இந்த நிலைமையிலிருந்துதான் கேள்வி பிறக்கிறது.

சின்ன மேளத்துக்குள் வந்த கருவி

இந்தக் கேள்விக்குச் சென்னையில் ஒரு பின்புலம் உண்டு. சிந்தாதிரிப்பேட்டை 1734-இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்தோடும் இடத்தில், சுங்குராமச் செட்டியின் தோட்டத்தை எடுத்து, ஆதியப்ப நாராயணச் செட்டியின் முயற்சியில் எழுந்த நெசவாளர் குடியிருப்பு. சின்னத் தறிப்பேட்டை என்பதே ஊர்ப்பெயரின் மூலம். யார் யார் அங்கே குடியேறலாம் என்பதற்குக் கம்பெனி கட்டுப்பாடு வைத்திருந்தது. நூற்பவர், நெய்பவர், துணிக்கு வண்ணம் தீட்டுபவர், வெளுப்பவர் ஆகியோரோடு கோயில் பணிக்கு வேண்டிய அந்தணரும் நடன மகளிரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசுவரரும் அருகருகே கோயில் கொண்ட அந்தப் பேட்டையில், தறிச் சத்தத்தோடு சதங்கை ஒலிக்கும் ஆதியிலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

நடன மகளிர் இருந்தால் சின்ன மேளம் இருக்கும். நாகஸ்வரமும் தவிலும் பெரிய மேளம். சதிருக்கு வாசிப்பது சின்ன மேளம். அதில் குழல் வாத்தியமாக நெடுங்காலம் இருந்தது முகவீணை. பெயரில் வீணை இருந்தாலும் அது நாகஸ்வரத்தின் குட்டித் தம்பி. இரட்டை நாக்குச் சீவாளி வைத்து ஊதுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த இடத்துக்குக் கிளாரினெட் வந்தது. 1860 வாக்கில் மகாதேவ நட்டுவனார் அதைச் சதிர்க் குழுவில் சேர்த்தார் என்பது இசை வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. அதற்கு முன்பே தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (1798–1832) அரண்மனையில் மேலைநாட்டு வாத்தியங்களைக் கொண்ட பேண்டு வைத்திருந்தார். ராணுவப் பேண்டுகள் வழியாகவும் கருவி பரவியது. அதைக் கையில் எடுத்தவர்கள் பெரும்பாலும் முகவீணையும் நாகஸ்வரமும் பழகிய குடும்பத்தினர். நாணலை நனைத்து, சீவி, உதட்டில் வைத்துப் பார்த்து, மறுபடி சீவும் பழக்கம் கருவிக்கு முன்பே அவர்கள் கையில் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் சதிர் மேடை சுருங்கியது. 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. புதிய பரதநாட்டிய மேடையில் புல்லாங்குழலும் வயலினும் கிளாரினெட்டின் இடத்தைப் பிடித்தன. கருவி கல்யாண ஊர்வலப் பேண்டுகளிலும் கோயில் கச்சேரிகளிலும் தங்கியது. அதைத் தனிக் கச்சேரிக் கருவியாக உயர்த்தி நிறுத்தியவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். 1931-இல் பிறந்த அவர் ஆலத்தூர் வேங்கடேசய்யரிடம் வாய்ப்பாட்டும் இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாகஸ்வரமும் கற்றவர். ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று அவரை அழைத்தவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 2008-இலும் பத்மஸ்ரீ 2022-இலும் அவருக்குக் கிடைத்தன. வாய்ப்பாட்டும் நாகஸ்வரமும் தெரிந்த ஒருவர் கையில்தான் இந்த மேலைநாட்டுக் கருவி தோடியும் கரகரப்ரியாவும் பேசியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ரீடு பற்றிய கேள்விக்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய அமைப்பு, பழைய மவுத்பீஸ்

கிளாரினெட்டை 1700-ஐ ஒட்டி நியூரம்பர்க்கில் உருவாக்கியவர் ஜோகன் கிறிஸ்டோப் டென்னர். இன்று உலகில் அதிகம் புழங்கும் போம் அமைப்பு, பாரிஸில் குளோசேயும் பூஃபேயும் சேர்ந்து 1839 முதல் 1844 வரையான ஆண்டுகளில் ஏற்படுத்தியது. அதற்கு முந்தைய எளிய அமைப்பிலிருந்து பிரஸ்ஸல்ஸில் யூஜீன் ஆல்பர்ட் வளர்த்தது ஆல்பர்ட் அமைப்பு. தமிழ்நாட்டில் கர்நாடக இசை வாசிப்பவர்கள் இந்தப் பழைய அமைப்பை விரும்புவதற்குக் காரணம் தெளிவு: துளைகளின் மேல் வளையங்களும் சாவிகளும் குறைவு. விரலை நேராகத் துளையில் வைத்து, பாதி திறந்து, வழித்து, கமகம் கொடுக்கலாம். வேண்டாத சாவிகளைக் கழற்றிவிட்டு ஊதுபவர்களும் உண்டு. மங்களூரில் கத்ரி கோபால்நாத் (1949–2019) சாக்ஸபோனைக் கர்நாடக இசைக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டது இதே வழியில்தான்.

பழைய கருவியை விரும்பினால் அதோடு வந்த பழைய மவுத்பீஸையும் ஏற்றாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மவுத்பீஸ்களின் ஜன்னல், அதாவது ரீடு மூடும் திறப்பு, பொதுவாகக் குறுகலானது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இன்றுவரை குறுகிய மவுத்பீஸ் மரபு தொடர்கிறது. அதற்கென்று தனி ரீடே செய்கிறார்கள். பிரெஞ்சு மரபோ அகலமான பக்கம் போய்விட்டது. 1905-இல் பாரிஸ் ஓபரா கிளாரினெட் கலைஞர் யூஜீன் வான் டோரன் தொடங்கிய வான்டோரன் நிறுவனம் அந்த அளவை உலகம் முழுவதும் கொண்டுபோனது. ஆகவே பழைய மவுத்பீஸில் இன்றைய ரீடை வைத்தால் இருபுறமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஈ-பிளாட்டில் இது இன்னும் கூடுதல். பி-பிளாட் கருவி ஏறத்தாழ 66 செ.மீ. நீளம், ஈ-பிளாட் சுமார் 49 செ.மீ. ஒரே விரலடைப்புக்கு ஈ-பிளாட் சுத்த மத்தியம அளவு உயர்ந்து பேசும். அதற்கேற்ப மவுத்பீஸும் எல்லாப் பக்கமும் சிறியது.

ரீடின் உடலமைப்பு

எதை வெட்டலாம் என்று சொல்வதற்கு முன் எது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிளாரினெட் ரீடு செய்யும் நாணலின் தாவரப் பெயர் அருண்டோ டோனாக்ஸ். தென் பிரான்ஸின் வார் மாவட்ட நாணலுக்கு இதில் பெயர் அதிகம். இரண்டு வருடம் முற்றிய தண்டைக் குளிர்காலத்தில் அறுத்து, மாதக்கணக்கில் காயவைத்துப் பயன்படுத்துகிறார்கள். பி-பிளாட் ரீடின் நீளம் சுமார் 67 மி.மீ.; நுனி அகலம் சுமார் 13 மி.மீ.; அடிப்பக்கம் அதைவிடச் சற்றுக் குறுகல். அடியில் தடிமன் சுமார் 3 மி.மீ.; நுனியிலோ சுமார் 0.1 மி.மீ.தான்.

ரீடின் ஒரு பக்கம் முழுத் தட்டை. மறு பக்கத்தில் அடிப்பாதி பட்டையோடு உருண்டிருக்கும், மேல்பாதி சீவப்பட்டிருக்கும். சீவிய பகுதியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் இருட்டாகக் கவிழ்ந்த ‘வி’ வடிவில் ஒரு நிழல் தெரியும். அதுதான் ரீடின் நெஞ்சு. அங்கே தடிமன் அதிகம். இரு விளிம்புகளுக்கும் நுனிக்கும் போகப் போக மெலிந்துகொண்டே போகும். நாதத்தின் கனம் நெஞ்சிலும், எடுப்பின் சுறுசுறுப்பு நுனியிலும் விளிம்பிலும் இருக்கிறது.

நாகஸ்வரச் சீவாளி வேறு வகை. காவிரிக் கரையின் கொறுக்கையை வெட்டி, பதப்படுத்தி, இரண்டு நாக்காகக் கட்டிக் கெண்டையில் பொருத்துவது. திருவாவடுதுறைச் சீவாளிக்கும், 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கும் தஞ்சை மண்ணில் நீண்ட உறவு. சீவாளியில் மவுத்பீஸ் என்ற இடைத்தரகர் கிடையாது. ஆனால் கருவிக்குத் தக்க சீவாளி என்ற கோட்பாடு அங்கே எப்போதும் உண்டு. நாலு, ஐந்து கட்டை பேசும் திமிரிக்கு ஒரு அளவு. இரண்டு, இரண்டரைக் கட்டை பேசும் பாரிக்கு வேறு அளவு. 1955-இல் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி ராஜரத்தினம் பிள்ளைக்காகச் சுத்த மத்தியமம் சரியாகப் பேசும் பாரி நாகஸ்வரத்தைச் செய்து தந்தபின் பாரியே மேடையை ஆண்டது. திமிரிச் சீவாளியைப் பாரிக்கு வைத்து யாரும் ஊதுவதில்லை. நாகஸ்வரத்தின் கழுத்தில் நூலில் தொங்கும் உபரிச் சீவாளிகளும், வாயை நெகிழ்த்தும் ஊசியும் சொல்வது இதைத்தான்: ரீடு என்பது வாங்கும் பொருள் இல்லை, பழக்கும் பொருள்.

மூன்று கட்சிகள்

வெட்டக்கூடாது என்பவர்களின் வாதம் இது. ரீடின் அகலம், நீளம், தடிமன் மூன்றும் ஒன்றுக்கொன்று அளந்து வைத்தவை. ஒன்றை மாற்றினால் மற்றவை முரண்டுபிடிக்கும். தொழிற்சாலையில் நுண்ணிய வெட்டுக் கருவியில் செய்ததைக் கையால் திருத்துவது நல்லதைக் கெடுப்பதே.

வெட்டலாம் என்பவர்களுக்கும் சான்று இருக்கிறது. மேலைநாட்டு இசைக்குழுக்களில் ஈ-பிளாட் வாசிப்பவர்கள் பலர் பி-பிளாட் ரீடின் அடியை வெட்டிப் பயன்படுத்துகிறார்கள். தனியாக விற்கும் ஈ-பிளாட் ரீடில் கிடைக்காத நிறைவு அதில் கிடைக்கிறது என்பது அவர்கள் அனுபவம். குறுகலான ஜெர்மன் வெட்டு ரீடை வாங்கி அடியை மட்டும் வெட்டுபவர்களும் உண்டு. அப்போது பக்கவாட்டில் கை வைக்கவே வேண்டியதில்லை. மொஸார்ட் காலக் கருவிகளை வாசிப்பவர்களும் இன்றைய ரீடைத் தேய்த்துக் குறுக்கிக்கொள்வது வழக்கம்.

மவுத்பீஸை மாற்று என்ற மூன்றாம் கட்சிக்குச் செலவுக் கணக்கு பக்கபலம். ஒரு தடவை வாங்கினால் பல வருடத்துக்குத் தொல்லை இல்லை. ஆனால் பழைய கருவிக்குப் புது மவுத்பீஸ் என்பது நினைத்த அளவு எளிதில்லை. மவுத்பீஸின் உட்குடைவும் கருவியின் குடைவும் இணங்காவிட்டால் ஸ்தாயிகளுக்கு நடுவே சுருதி விலகும். கீழ் சட்ஜம் சேர்ந்தால் மேல் சட்ஜம் சேராது. பழைய மவுத்பீஸ் கருவியோடு பிறந்ததாக இருந்தால் அதைக் காப்பாற்றுவதற்கு ரீடை வெட்டுவது நியாயமான விலைதான்.

விறைப்புக் கணக்கு

இந்த வழக்கில் பொதுவாகக் கவனிக்காமல் விடப்படுவது விறைப்பு. மெலிந்த பட்டையை வளைக்கும்போது அதன் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்திலும், தடிமனின் முப்படிக்கு நேர்விகிதத்திலும், வளையும் நீளத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்திலும் மாறும். ரீடு சீரான பட்டை இல்லை. ஆனாலும் போக்கை அறிய இந்த எளிய கணக்கு போதும்.

அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் காற்று தள்ளும் பரப்பும் அதே அளவு குறைவதால் ஊதுகிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. தடிமனைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலோ விறைப்பு நூற்றுக்கு 27 குறைந்துவிடும். நுனியில் 0.1 மி.மீ. தடிமனில் பத்தில் ஒரு பங்கு என்பது 0.01 மி.மீ.; உப்புத்தாளில் சில இழுப்புகளில் போய்விடும் அளவு. வளையும் நீளம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பு நூற்றுக்கு 37 கூடும்.

இந்த மூன்றாவது எண்தான் முக்கியம். ரீடு எவ்வளவு நீளம் வளைகிறது என்பதைத் தீர்மானிப்பது மவுத்பீஸின் சரிவு, அதாவது அதன் முகம் நுனி நோக்கி ரீடை விட்டு விலகும் பகுதி. பி-பிளாட்டில் சரிவின் நீளம் பெரும்பாலும் 17 முதல் 20 மி.மீ. இருக்கும், ஈ-பிளாட்டில் அதைவிடக் குறைவு. ஆகவே பெரிய மவுத்பீஸில் மென்மையாகப் பேசிய அதே ரீடு சின்ன மவுத்பீஸில் கடுமையாகப் பேசும். அதோடு இன்னொன்றும் சேர்கிறது. பக்கவாட்டைத் தேய்க்கும்போது போவது ரீடின் மிக மெல்லிய விளிம்பு. தடித்த நெஞ்சு அப்படியே இருக்கிறது. அகலம் குறைந்தும் நெஞ்சு குறையாததால் விகிதம் மாறி, புதிய விளிம்பு முன்னைவிடத் தடிப்பாகி, எடுப்பு மந்தமாகிறது. வெட்டினால் நாதம் போகும் என்ற குற்றச்சாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. நாணலைப் பழிப்பதைவிட, தேர்ந்தெடுத்த நம்பரைப் பார்ப்பதே சரி.

ரீடுகளுக்கு ஒன்றரையிலிருந்து ஐந்து வரை விறைப்பு நம்பர் உண்டு. வெட்டுவதற்கென்று எடுக்கும் ரீடு, வழக்கமாக ஊதுவதைவிட அரை நம்பராவது மென்மையாக இருக்க வேண்டும். மூன்று ஊதுபவர் இரண்டரையை எடுத்து வெட்டினால், முடிவில் கையில் இருப்பது ஏறக்குறைய மூன்றுதான். நிறுவனத்துக்கு நிறுவனம் நம்பர் ஒத்துப்போகாது என்பதால், பழகிய ஒரே தயாரிப்பில் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

கை வேலை

செய்முறையில் கருத்து வேறுபாடு குறைவு. முதலில் நீளம். ரீடை மவுத்பீஸில் வைத்து, நுனியில் மவுத்பீஸின் கறுப்பு விளிம்பு மயிரிழை தெரியும்படி நிறுத்திப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் மவுத்பீஸின் தட்டைப் பகுதியைத் தாண்டிக் கருவியின் கழுத்தில் இடித்தால் ரீடு தூக்கிக்கொள்ளும், காற்று கசியும். இடிக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, பொடிப்பல் ஹேக்ஸா பிளேடால் பட்டைப் பக்கத்திலிருந்து அறுத்து, வெட்டு முகத்தைத் தேய்த்து மழமழப்பாக்கிவிட்டால் போதும். இடிக்காவிட்டால் அடியை வெட்டவே வேண்டாம். கிளிப்புக்குக் கீழே நீட்டிக்கொண்டிருப்பதால் நாதத்துக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்தது அகலம். மேஜையில் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் 400 நம்பர் உப்புத்தாள். ரீடைப் பக்கவாட்டில் நிறுத்தி, தட்டைப் பக்கத்துக்குத் துணையாக ஒரு ஸ்கேலையோ கண்ணாடி வில்லையையோ சேர்த்துப் பிடித்து, அடிப்பக்கம் முன்னே போக, ஒரே திசையில் இழுக்க வேண்டும். நுனி முன்னே போனால் அதன் மூலை தாளில் மாட்டி ஒடிந்துவிடும். இப்புறம் ஐந்து இழுப்பு என்றால் அப்புறமும் ஐந்து. பிறகு மவுத்பீஸில் வைத்துப் பார்ப்பது. அவசரத்தில் ஒரே புறத்தை முழுவதும் தேய்த்து அகலத்தைச் சேர்த்தால் நெஞ்சு நடுவிலிருந்து விலகிவிடும். அப்புறம் எந்த மருந்தும் கேட்காது.

எங்கே நிறுத்துவது? ஜன்னலின் இரு பக்கமும் உள்ள மெல்லிய விளிம்புகள் ஒவ்வொன்றும் சுமார் 1 மி.மீ. அகலம். ரீடு அவற்றை முழுவதும் மூடியிருக்க வேண்டும். மயிரிழை வெளியே நீட்டினால் உதட்டுக்குத் தெரியுமே தவிர நாதம் கெடாது. மயிரிழை உள்ளே போனால் காற்று கசிந்து கீச்சிடும். ஆகவே கொஞ்சம் அகலமாகவே நிறுத்துவதுதான் விதி. நாணல் ஈரத்தில் குறுக்காக ஊதும், நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. கடைசிப் பொருத்தத்தை நனைத்த பிறகே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நுனியின் வளைவு. குறுகிய மவுத்பீஸில் நுனி வளைவு இறுக்கமாக இருக்கும். அகலம் குறைந்த ரீடின் மூலைகள் அதற்கு வெளியே சதுரமாக நிற்கும். 600 நம்பர் தாளில் மெதுவாக உருட்டித் தேய்த்தால் போதும். ரீடு கட்டர் இருந்தால் அந்த மவுத்பீஸின் வளைவுக்கு உரியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நுனியை வெட்டி வெட்டித் தடிமன்தான் ஏறும். கட்டர் வருவதற்கு முன் இரண்டு நாணயங்களுக்கு இடையே ரீடைப் பிடித்து, வெளியே தெரியும் நுனியைத் தீக்குச்சியால் பொசுக்கி வளைவு எடுத்த பழக்கமும் உலகில் இருந்தது.

பிறகு சோதனை. மவுத்பீஸின் அடித்துளையை உள்ளங்கையால் அடைத்து, வாயால் காற்றை உறிஞ்சி வெளியே எடுத்தால், ரீடு ஓரிரு விநாடி ஒட்டிக்கொண்டு நின்று ‘டப்’பென்று விடுபட வேண்டும். ஒட்டவே இல்லை என்றால் எங்கோ கசிகிறது. இது தேறிய பின் ஊதிப் பார்க்க வேண்டும். கருவியைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி ஒரு தடவை, வலப்பக்கம் திருப்பி ஒரு தடவை ஒரே ஸ்வரத்தை ஊதினால் ரீடின் எந்த ஓரம் மந்தம் என்று தெரியும். மந்தமான ஓரத்தை, நுனிக்குச் சற்றுக் கீழே, நெஞ்சைத் தொடாமல், ஓரிரு தடவை தேய்த்தால் போதும். பக்கவாட்டுத் தேய்ப்பால் தடித்துப்போன விளிம்புகளை மெலிய வைக்கும் வேலையும் இதே இடத்தில் நடக்கிறது.

அளவுக்காகத் தேய்ப்பதும் நாதத்துக்காகச் சீவுவதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யக் கூடாது. அளவு சரியான ரீடை இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஊதிப் பழக்கி, அது நிலைக்கு வந்தபின்தான் நாதத்துக்காகக் கை வைக்க வேண்டும். முதல் நாளே நெஞ்சைச் சீவியவர்களின் ரீடுதான் நான்காம் நாள் சோர்ந்து கிடக்கிறது.

கமகமும் மென்மையும்

மேலைநாட்டு நூல்கள் சொல்லும் நியதியை அப்படியே இங்கே ஏற்க முடியாது. அவர்களுக்கு ஒவ்வொரு ஸ்வரமும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நமக்கு ஸ்வரம் அசைய வேண்டும். காந்தாரத்தை மத்தியமத்திலிருந்து இழுத்து இறக்குவதற்கு விரல் பாதி, உதடு பாதி வேலை செய்கிறது. உதட்டுக்கு இடம் கொடுக்கும் மென்மை ரீடில் இருக்க வேண்டும். ஆனால் மென்மை மிஞ்சினால் மேல் ஸ்தாயியில் சுருதி இறங்கும். அழுத்தி ஊதினால் ரீடு மூடிக்கொள்ளும். ஈ-பிளாட் போன்ற சின்ன மவுத்பீஸில் சரிவு சிறிது என்பதால் உதடு விளையாட இருக்கும் இடமும் சிறிது. கர்நாடக இசை வாசிப்பவர் ஈ-பிளாட் மவுத்பீஸில் சிரமப்படுவதற்குக் காரணம் அதுதான். வெட்டிய ரீடு அதைத் தீர்க்காது. பழைய பி-பிளாட் மவுத்பீஸின் கதை வேறு: அங்கே அகலம்தான் குறைவு, சரிவு போதிய நீளம் இருந்தால் வெட்டிய ரீடு கமகத்துக்கு நன்றாகவே வளைந்து கொடுக்கும்.

சென்னையின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடலோர ஈரத்தில் நாணல் ஊறிப் பருக்கும். மார்கழிக் கச்சேரியில் ஏ.சி. அரங்கின் வறண்ட காற்றில் காய்ந்து நுனி அலையலையாகும். கையால் மெலிய வைத்த ரீடுக்கு இந்த அலைச்சல் கூடுதலாகத் தெரியும். கச்சேரிக்கு ஒரு ரீடை நம்பிப் போகாமல், ஒரே அளவில் வெட்டிய நாலைந்தைத் தட்டையான பெட்டியில் வைத்து மாற்றி மாற்றி ஊதுவது நல்ல வழக்கம். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்குச் செயற்கை ரீடு இருக்கிறது. ஈரமும் வெப்பமும் அதை அதிகம் தொடாது. ஆனால் அதைக் குறுகிய மவுத்பீஸுக்குத் தக்கபடி சீவிப் பழக்குவது நாணலைப் போல எளிதில்லை. சரியான அளவிலேயே வாங்கினால்தான் பயன்.

தீர்ப்பு

இருபுறமும் சேர்த்து அகல வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள் இருந்து, மவுத்பீஸ் கருவிக்கு இணங்கிய நல்ல மவுத்பீஸாகவும் இருந்தால் வெட்டலாம். அரை நம்பர் மென்மையான ரீடில் தொடங்கி வெட்ட வேண்டும். வித்தியாசம் அதற்கு மேல் போனால் ஈ-பிளாட் ரீடோ ஜெர்மன் வெட்டு ரீடோ வாங்குவதே லாபம்; அவ்வளவு தேய்த்த பிறகு எஞ்சுவது வேறு ஒரு ரீடு. மவுத்பீஸின் சரிவு கோணலாகவோ விளிம்பு நசுங்கியோ இருந்தால் ரீடைத் தொடவே வேண்டாம். குற்றம் மவுத்பீஸில் இருக்கும்போது தண்டனை ரீடுக்குப் போகக் கூடாது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. தமிழ்நாட்டில் பழைய ஆல்பர்ட் கிளாரினெட் வைத்திருக்கும் குடும்பங்கள் பல. அந்த மவுத்பீஸ்களின் ஜன்னல் அகலம், சரிவு நீளம், நுனி இடைவெளி ஆகிய மூன்றையும் வெர்னியர் காலிப்பராலும் மெல்லிய அளவுத் தகடாலும் அளந்து குறித்து வைக்க அரை மணி நேரம் போதும். சென்னை கிரீன்வேஸ் சாலையில் இருக்கும் இசைப் பல்கலைக்கழகமும் மாவட்ட இசைப் பள்ளிகளும் இந்த அளவுகளைத் திரட்டி ஓர் அட்டவணையாக வெளியிட்டால், ரீடு செய்பவரிடம் ‘இந்த அளவில் செய்து கொடுங்கள்’ என்று கேட்க முடியும். நாகஸ்வரத்துக்கு நரசிங்கம்பேட்டையும் திருவாவடுதுறையும் இருப்பதுபோல் கர்நாடகக் கிளாரினெட்டுக்கு ரீடு செய்யும் ஊர் இன்னும் இல்லை. அளவு எழுத்தில் இருந்தால்தான் அப்படி ஓர் ஊர் உருவாகும்.